ராத்தா வீட்டுப் போனும் கொழும்புக்குப் போகாத படங்களும்

கலியாண வீட்டில் பெண்கள் பக்கம் படம் எடுக்கிற தொழிலில் கெமராவைத் தூக்குவது லேசு. எடுத்த படத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்புவதுதான் பிரசவம். வீட்டுப் போன் லைனில் இன்டர்நெட் எடுத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வெளியிலிருந்து நமக்கு வருவதெல்லாம் ஓடி வரும். நாம் ஒன்றை அனுப்பப் பார்த்தால் கால் பின்னிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடும். உங்கள் வீட்டிலும் இன்டர்நெட்டுக்குப் பூட்டிய அந்தச் சின்னப் பெட்டியின் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கிடக்கிறதா? அப்படியென்றால் வாருங்கள், நாம் எல்லாரும் ஒரே வயரில் தொங்குகிற ஆட்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது திறமையால் அல்ல, கூச்சத்தால். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்கு வந்த ஒரு நிறுவனம் கல்முனையில் பெண்களுக்கு உதவி என்று மூன்று வரிசை வைத்தது. தையல் மெஷினுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, கெமராப் பயிற்சிக்கு ஒன்று. முதல் இரண்டிலும் தள்ளுமுள்ளு. ஆட்களோடு இடிபட வெட்கப்பட்டு, ஆள் இல்லாத வரிசையில் போய் நின்றேன். கோழி எடுத்திருந்தால் முட்டையைக் கொழும்புக்கு அப்லோட் பண்ணச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சண்டை முடிந்த அடுத்த வருஷம் என் மகள் நடை பழகி ஓடித் திரிந்தாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். பிள்ளை தவழத் தொடங்கும்போதே சொந்தக்காரர் வீட்டைச் சுற்றியுள்ள வளவுக் காணியை அளக்கத் தொடங்கிவிடுவார்கள். என் மச்சான், புருஷனைத்தான் சொல்கிறேன், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அதனால் நான் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று என்னைத் தவிர எல்லாரும் முடிவெடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டும் எடுத்தாகிவிட்டது. முன்னுக்கு நின்றவள் என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. அவள் வருஷக்கணக்கில் சவூதியில் இருந்துவிட்டு வந்து, எங்கள் வளவிலேயே பக்கத்து வீட்டில் இருக்கிறாள். எங்கள் லைனிலிருந்து முருங்கை மரத்துக்கு மேலால் ஒரு வயர் இழுத்து அவள் வீட்டிலும் ஒரு போன் வைத்திருந்தாள். எங்கள் ஒழுங்கைத் தெருவில் சவூதிக்குப் போக இருக்கிற பெண்களைப் பற்றி, ஆள் அனுப்புகிற ஏஜென்ட்காரி கதைப்பதெல்லாம் அந்தப் போனில்தான்.

நான் மச்சானிடம் ஒரே ஒரு தவணை கேட்டேன். இந்தக் கலியாண சீசன் முடிகிற நேரம் எனக்குக் கையில் வேலை தொடர்ந்து இருந்தால் நான் போக மாட்டேன், இல்லாவிட்டால் போவேன். அவர் தலையை ஆட்டினார். ஆக, என் மகள் என் மடியில் வளர்வதா, என் உம்மாவின் மடியில் வளர்வதா என்பது அந்தப் பச்சை விளக்கின் கையில் இருந்தது.

கொழும்பு ஆம்பிளைக்குக் கண் இல்லை

கல்முனையில் அல்பம் செய்து கொடுக்கிற கடை இல்லாமல் இல்லை. படத்தை இங்கேயே கொடுத்தால் எனக்கு இன்டர்நெட்டும் வேண்டாம், இந்த எழுத்தும் வேண்டாம். ஆனால் பெண்கள் பக்கத்துப் படத்தில் எல்லாரும் முக்காடு இல்லாமல், தலையில் பூவோடு, கை நிறைய மருதோண்டியோடு இருப்பார்கள். அதை ஊர் ஆம்பிளை பார்க்கப்படாது. சீடீயில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிடலாம் என்றால் கொண்டக்டரும் ஊர் ஆள். அதனால் ஒவ்வொரு படமும் என் வீட்டுப் பெட்டியிலிருந்து வயரால் ஏறி, கொழும்பில் அல்பம் செய்கிற ஒருவரிடம் போய் இறங்க வேண்டும். அவரும் ஆம்பிளைதான். அவரிடம் வேலை செய்கிறவர்களும் ஆம்பிளைகள்தான்.

இதை ஒருமுறை ஹாஜரா மாமியிடம் கேட்டுவிட்டேன். ஹாஜரா மாமிக்கு வரிசையாகப் பெண்பிள்ளைகள். மூத்தவர்கள் கரை சேர்ந்து, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவளுக்கு அந்த வீடு ஒரு வயல் மாதிரி, போகத்துக்குப் போகம் விளையும். "மாமி, கொழும்புலயும் ஆம்பிளைதானே படத்தப் பாக்கிறது?" என்றேன். மாமி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றிவிட்டுச் சொன்னா: "அவன் பாத்துட்டுப் போறான் புள்ள. நாளைக்கு சந்தைக்குள்ள என்னக் கண்டு, மாமி, மகள் நல்ல வடிவு எண்டு அவன் கதைக்கவா போறான்?"

பெட்டிக்கு முக்காடு

இன்டர்நெட் வந்த அன்றே எங்கள் உம்மா பெட்டிக்கு நூலால் ஓர் உறை பின்னிவிட்டா. எங்கள் வீட்டில் டீவிக்கு உறை உண்டு, போனுக்கு உறை உண்டு, ரிமோட்டுக்குக் கூட உண்டு. பெட்டியின் விளக்குகள் பூப்போட்ட உறைக்குள்ளே மின்னுவது வடிவாகத்தான் இருந்தது. படம் போகவில்லை என்றதும் மச்சான் பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றினார். டீவி அன்டனாவை உயர்த்தினால் படம் தெளியும், அதே கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கொழும்புப் பக்கம் முகத்தைத் திருப்பி வையுங்கள் என்றார். எது பெட்டியின் முகம், எது முதுகு என்று அவருக்கும் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது. சும்மா சொல்லக்கூடாது, திருப்பிய அன்று கொஞ்சம் வேகமாகத்தான் போன மாதிரி இருந்தது. இந்தச் சனியன் பிடித்த சாமானின் குணமே அதுதான். எதைச் செய்தாலும் முதல் தடவை நம்மை நம்ப வைக்கும்.

ஒருநாள் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரிச் சுட்டது. உறையைக் கழற்றி, பெட்டியைக் காற்றுப் படுகிற இடத்தில் வைத்தேன். அதன்பிறகு இடையிடையே செத்துப் போவது குறைந்தது. அனுப்புகிற வேகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. உம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே குசினி அடுப்படி வரைக்கும் வந்தா: "சுடுகுது எண்டா அது காய்ச்சல். காய்ச்சல் காயிற புள்ளைட உடுப்ப ஆராச்சும் உரிவாங்களா?"

சுனாமிக்குத் திரும்பிப் போன கம்பனி

கம்பனிக்குப் போன் பண்ணினால் முதலில் பாட்டு. பிறகு ஒரு பிள்ளை வந்து பெட்டியை நூத்து, அதுதான் அணைத்து, திரும்பப் போடச் சொல்லும். நூத்துப் போட்டால், இப்போது எப்படி என்று கேட்கும். இப்போதும் அப்படித்தான் என்றால் திரும்ப நூத்துப் போடச் சொல்லும். எனக்குப் போனில் கதைப்பதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றேன். சரியாகிவிட்டதென்று எழுதி வைத்துவிட்டார்கள் போல.

கடைசியில் மச்சான் நேரே போய்ச் சத்தம் போட்ட பிறகு காரைதீவிலிருந்து ஒரு லைன்காரர் ஏணியோடு வந்தார். பழுதுக்குக் காரணம் கேட்டோம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், சண்டை நடந்த காலத்தில் எது பழுதானாலும் காரணம் சண்டை. கரண்ட் இல்லையா, சண்டை. கடிதம் வரவில்லையா, சண்டை. இப்போது சண்டை முடிந்துபோய்விட்டது, அதோடு கம்பனிக்காரரின் காரணமும் முடிந்துபோய்விட்டது. அதனால் அவர்கள் இன்னும் பின்னுக்கு நடந்து சுனாமிக்குப் போய்விட்டார்கள். "இதெல்லாம் சுனாமிக்குப் பிறகு அவசரத்தில போட்ட ஜொயின்ட் தங்கச்சி, கடக்காத்துக்குப் பச்சை பூத்திருக்கும்" என்றார். கடல் வந்து போய் எத்தனை வருஷம்! எங்கள் வீடுகளைக் கூடத் திரும்பக் கட்டிவிட்டோம்.

ஆனாலும் அந்த மனிசன் ஒரு உருப்படியான கேள்வி கேட்டார். ஒரு லைனில் எத்தனை போன் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன டப்பா பூட்ட வேண்டுமாம். பில்டர் என்று அதற்குப் பேர். அது இல்லாத போனை யாரும் தூக்கினால் பேச்சுச் சத்தம் இன்டர்நெட்டை நெரித்துவிடுமாம், அதிலும் நாம் அனுப்புகிற பக்கத்தைத்தான் முதலில் நெரிக்குமாம். எங்கள் போனில் அந்த டப்பா இருந்தது. "வீட்டுக்குள்ள வேற போன் இரிக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். உண்மைதானே. ராத்தாவின் போன் ராத்தா வீட்டுக்குள் அல்லவா இருக்கிறது! அந்த நேரம் எனக்கு முருங்கை மரம் நினைவுக்கே வரவில்லை.

எங்கள் பெக்கேஜில் கம்பனி கொடுப்பதே அனுப்புகிற பக்கத்துக்குக் கொஞ்சம்தான் என்றும் சொன்னார். கூட்டித் தர முடியாதா என்று மச்சான் கேட்டார். லைன்காரர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்: "வாறதுதான் நல்லா வருதே தங்கச்சி, பிறகு என்னத்துக்குச் சும்மா அனுப்புறீங்க?"

பாய் பின்னின முகம்

கொழும்பு அல்பக்காரர் எனக்கு ஒரு வழி சொன்னார். படத்தைச் சின்னதாக்கி அனுப்புங்கள், பறந்து வரும் என்றார். எவ்வளவு சின்னது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹாஜரா மாமியின் மகளுக்கு மோதிரம் போட்ட அன்றைய படங்களை எனக்குத் தெரிந்த அளவுக்குச் சின்னதாக்கி அனுப்பினேன். அல்லாஹ் அறிய, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள் போய்ச் சேர்ந்தது. அன்று நான் சந்தோஷத்தில் மகளைத் தூக்கிச் சுற்றினேன். இன்டர்நெட்டை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அல்பம் வந்தது. அட்டையில் பெண்ணின் முகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். முகம் என்று ஒன்று இல்லை. கட்டம் கட்டமாக, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம், வாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிவப்புக் கட்டம். ஹாஜரா மாமி அல்பத்தை சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தா. மாமி சத்தம் போடுகிற ஆள் அல்ல, அதுதான் இன்னும் பயம். அட்டையை எனக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டா: "என்ட மகள்ட முகத்துல பாய் பின்னி வெச்சிரிக்காய் புள்ள. இதுலயா மாப்பிள்ளைய இருத்திற?"

மணி அடித்தால் விளக்கு நூரும்

கலியாணத்துக்கும் என்னையே எடுக்கச் சொன்னது மாமியின் பெருந்தன்மை. ஆனால் பேச்சு ஒன்று வைத்துக்கொண்டா. மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வருகிற நாள் அல்பம் மேசையில் இருக்க வேண்டும், முகம் முகமாக இருக்க வேண்டும். இருந்தால் மிச்சமுள்ள பெண்பிள்ளைகளின் கலியாணமும் எனக்கு. இல்லாவிட்டால் அக்கரைப்பற்றில் கெமராவோடு இன்னொரு பெண் இருக்கிறாளாம். சீசனில் எனக்குக் கையிலிருந்த கடைசி வேலையும் அதுதான். அது போனால் பாஸ்போர்ட்டை அலுமாரியிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

அல்பக்காரர் கடைசி நாள் சொன்னார், அன்று பின்னேர அஸர் தொழுகைக்குள் படம் முழுக்க வந்து சேர வேண்டும். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு அனுப்பத் தொடங்கினேன். இந்த முறை சின்னதாக்கவில்லை. பாதி போகும், விளக்கு நூரும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும். உங்களுக்கும் இது நடந்திருக்கும். முக்கால்வாசி ஏறிய பிறகு வழுக்கி விழுகிற அந்த நீலக் கோட்டைப் பார்த்து நீங்களும் ஏசியிருப்பீர்கள்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் போன் மணி அடித்தால் நான் எடுப்பதில்லை. ராத்தா அந்தப் பக்கம் எடுப்பாள் என்று மகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன். யாரோடாவது கதைக்க வேண்டி வந்துவிடுமே என்ற பயம். அதனால் மணி அடிக்கிற நேரம் பெட்டிக்கு என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. அன்று பெட்டியைக் காவல் காத்து உட்கார்ந்திருந்ததால் ஓட முடியவில்லை. மணி அடித்தது. ராத்தா எடுத்தாள். பச்சை விளக்கு நூர்ந்தது. அவள் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் விளக்கு வந்தது. திரும்ப மணி, திரும்ப இருட்டு. லைன்காரரின் கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வேலிப் பக்கம் போனேன். ராத்தாவிடம் போனை வையுங்கள் என்று சொல்லத்தான் போனேன். நான் ராத்தாவிடம் அப்படி ஒன்றும் இதுவரை சொன்னதில்லை. அவள் ஜன்னலுக்குள்ளிருந்து ஏஜென்ட்காரியோடு கதைப்பது நல்லாகக் கேட்டது: "ஓம் ஓம், அவள் கட்டாயம் வருவாள். இந்தக் கலியாணத்தோட அவள்ட கெமரா விளையாட்டும் முடியிது, நீங்க விசாவப் போடுங்க."

மெலிந்த குரல்

வீட்டுக்குள் போய் உம்மாவின் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். முருங்கை மரத்தில் வயர் கையெட்டும் உயரத்தில்தான் தொங்கியது. நடுவில் ஒரு முடிச்சு, அதில் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அதையும் கடற்காற்று தின்று பச்சை பிடித்திருந்தது. முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, துண்டு மரத்தடியில் விழுந்தது. அந்தப் பக்கம் ராத்தா "ஹலோ, ஹலோ" என்று கத்துவது கேட்டது. நான் உள்ளே ஓடினேன்.

விளக்கு வந்தது. நீலக் கோடு நகர்ந்தது. விழவில்லை. அது பாதியைத் தாண்டும்போது எங்கள் போன் மணி அடித்தது. இனி அந்த வளவில் அடிக்கிற போன் அது ஒன்றுதான். அடித்துக்கொண்டே இருந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். எடுத்தேன். ஏஜென்ட்காரி, நான்தான் ராத்தா என்று நினைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்: "எங்க பாதியில வெட்டிட்டு? உங்கட தங்கச்சிட பாஸ்போர்ட்ட எப்பகா அனுப்புறீங்க?"

என் விஷயமாக நான் யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. ஆனால் ராத்தாவின் தங்கச்சியைப் பற்றி என்றால் அவ்வளவு கஷ்டமாக இல்லை. "அவள் வரமாட்டாள்" என்றேன். "ஏனாம்?" "அவளுக்கு இஞ்ச வேலை இரிக்கு. புள்ளையும் சின்னம்." போனில் கதைத்துக்கொண்டே பெட்டியைப் பார்த்தேன், பச்சை விளக்கு அசையவில்லை. எங்கள் போனில்தான் அந்த டப்பா இருக்கிறதே! ஏஜென்ட்காரி கேட்டாள்: "உங்கட குரல் என்னகா இப்பிடி மெலிஞ்சி போச்சி? உங்கட ஊர் லைன் இன்னும் சரி வரல்லயா?"

கடற்காற்று

படம் அஸர் பாங்குக்கு முன்னமே போய்ச் சேர்ந்தது. விருந்தன்று அல்பம் மேசையில் இருந்தது. ஹாஜரா மாமி அதைப் புகழவில்லை. பெண்ணின் முகத்தை விரலால் தடவிப் பார்த்து, கட்டம் இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டு, அடுத்தவளின் கலியாணத்துக்குப் பச்சை நிற அட்டை போடச் சொன்னா. மச்சான் அன்று பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிக்கு அடியில் காற்றுப் போக இரண்டு மரக்கட்டை வைத்துக் கொடுத்தார். அதுதான் அவரின் சம்மதம்.

ஆனால் வயர் வெட்டிய அன்று பின்னேரமே ராத்தா வந்துவிட்டாள். அவளைக் கெட்டவள் என்று நினைக்காதீர்கள். அவள் போனபோது அவளுடைய மகனுக்கு என் மகளின் வயதுதான். திரும்பி வந்தபோது அவன் அவளை "மாமி" என்று கூப்பிட்டான். அதை யாரும் வாயால் சொல்வதில்லை; வீட்டுத் தரையில் பதித்த ஓடு எவ்வளவு வடிவு என்றுதான் சொல்வார்கள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்று. அதில்தான் என்னையும் அனுப்பப் பார்த்தாள்.

"என்ட போன் செத்துப் போச்சி புள்ள, அந்தக் கம்பனிக்காரனுக்கு ஒருக்காச் சொல்லு" என்றாள். கம்பனி எனக்கு வேகம் தராவிட்டாலும் பதில் தந்திருக்கிறது அல்லவா? கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு அதை அப்படியே எடுத்துச் சொன்னேன்: "அது சுனாமிக்குப் பிறகு போட்ட ஜொயின்ட் ராத்தா. கடக்காத்துக்குப் பச்சை பூத்திரிக்கும்."

ராத்தா மடியிலிருந்து வயர்த் துண்டை எடுத்தாள். மரத்தடியில் பொறுக்கியிருக்கிறாள். வெட்டின நுனியை விரலால் தடவினாள். மேசையில் கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள். பிறகு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய மகளைக் கன நேரம் பார்த்தாள். வயரைத் திரும்ப முடியச் சொல்லி அவள் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. வாசல் கடப்படியைத் தாண்டும்போது திரும்பி நின்று ஒன்று மட்டும் கேட்டாள்: "இந்தக் கடக்காத்து கத்தரிக்கோலும் வெச்சிரிக்கா புள்ள?"

ஒரு கலியாணப் படத்தைக் கொழும்பு வரைக்கும் அனுப்ப வக்கில்லாத வயர், என்னை மட்டும் சவூதி வரைக்கும் அனுப்பப் பார்த்ததே, அந்த லைனில் நான் கண்ட ஒரே வேகம் அதுதான்.